குண்டு விழும் பெட்டி

ஜெர்மனியில் நாங்கள் மூவர் கோப்பை கழுவும் உணவகம் திங்கட்கிழமைகளில் பூட்டு. நாங்கள் அடுப்புத் தேய்க்க வருவோம். முதலாளி நிலவறையில் காற்றுத் துப்பாக்கி சுட்டுப் பழகுவார். 10 மீற்றர் தூரம், 4.5 மில்லிமீற்றர் ஈயக்குண்டு. இலக்குக்குப் பின்னால் அவர் நிறுத்திய தடித்த பலகை, ஒரே இடத்தில் பட்டுப்பட்டு ஓட்டையாகிவிட்டது. உழைக்கக்கூடியதாக ஒன்று செய்துதரச் சொன்னார்.

குண்டை மறிக்கிற வேலை எங்களுக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் பங்கர் வெட்டி, பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை ஏற்றியவர்கள் நாங்கள். மண் எதையும் விழுங்கும். ஆனால் சாக்குக் கிழிந்து கொட்டுண்டுவிடும். ஆகவே இரும்புத் தகடு. அதை நேரே நிறுத்தினால் ஈயம் சிதறிச் சுடுபவரிடமே திரும்பும். மேல்விளிம்பைச் சுடுபவர் பக்கம் சாய்த்து 45 பாகையில் பெட்டிக்குள் பொருத்தினோம். குண்டு கீழ்நோக்கித் தெறித்து, அடியில் பரப்பிய மணலில் விழுகிறது.

அந்தச் சின்ன 'டப்'புக்கே எங்களில் ஒருவர் தெருவுக்குப் போய்விடுவார். ஏனென்று நாங்கள் கேட்பதில்லை.

பெட்டியை வெறுமையாக்குவதும் எங்கள் வேலைதான். ஈயத்தூள் நஞ்சு. கூட்டினால் பறக்கும் என்று ஈரத்துணியால் துடைத்து, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே குசினிக்குள் நுழைவோம்.

“ஒருக்கால் சுட்டுப் பாருங்கள்” என்று முதலாளி துவக்கை நீட்டுவார்.

கை ஈரமாயிருக்கிறது என்போம்.