திண்ணைக்கு வெள்ளையடித்தவள்

எங்கள் புதுப்பட்டினம் வீட்டின் முகப்பை இருபது ஆண்டுகளுக்கு மேல் காப்பாற்றியவர் அத்தை. உப்புக்காற்றில் எந்தச் சுவரும் தானாக நிற்காது. பொங்கலுக்கு முந்தைய வாரம் கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, துணியில் வடிகட்டி, கொஞ்சம் நீலம் கலந்து, முன்சுவர் முழுக்க அவரே அடிப்பார். திண்ணை விளிம்புக்குக் காவி. கொதிக்கும் சுண்ணாம்பு தெறித்த தழும்பு அவர் முழங்கையில் இருந்தது. ஆண்கள் உட்கார்ந்திருக்கும்போது அந்தத் திண்ணையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நிலைப்படிக்கு உள்ளேதான் அவர் இடம்.

கணவர் வீட்டிலிருந்து திரும்பி வந்தவர் அவர். தாத்தா உயில் எழுதாமல் இறந்தார். சட்டப்படி அத்தையும் வாரிசு. ஆனால் அன்றைய இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 23ஆவது பிரிவு, குடும்பம் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வரும்வரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது என்றது. மகள் அங்கே தங்குவதற்குக்கூட மணமாகாதவளாகவோ, கைவிடப்பட்டவளாகவோ, பிரிந்து வாழ்பவளாகவோ, விதவையாகவோ இருக்க வேண்டும். இருக்கலாம், கேட்கக் கூடாது. 1989இல் தமிழ்நாடு மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை தந்தபோதும் (அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் மணமானவர்களுக்கு அதுவும் இல்லை) இந்தப் பிரிவு அப்படியே இருந்தது. 2005 செப்டம்பர் 9 அன்றுதான் அது நீங்கியது. அத்தை அதற்கு முன்பே போய்விட்டார்.

1980களில் கல்பாக்கம் அணுமின் நிலைய ஊழியர்கள் வாடகைக்கு வரத் தொடங்கியதும், வீடு பளபளக்க வேண்டுமென்று அப்பா ஆயில் பெயிண்ட் அடித்தார். “சுவரு மூச்சு விடணும் தம்பி” என்றார் அத்தை. யாரும் கேட்கவில்லை. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். ஆயில் பெயிண்ட் அடைத்துவிடும். தரையிலிருந்து ஏறிய உப்பு உள்ளே பூத்து, முழங்கால் உயரத்துக்குப் பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

இப்போது வீட்டில் அம்மாவுக்கும் அண்ணனுக்கும் எனக்கும் பங்கு. கடந்த தையில் முகப்பை மறுபடி சுண்ணாம்புக்கு மாற்ற ஆள் வைத்தேன். “அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமாம்மா?” என்றார் மேஸ்திரி. “எங்கிட்ட கேளுங்க, போதும்” என்றேன்.

பழைய பெயிண்டை இரண்டு நாள் சுரண்டியது சித்தாளாக வந்த அக்கா. “தண்ணி ஊத்தாதீங்க, உப்பு திரும்ப உள்ள போயிடும்” என்று காய்ந்த பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுத்தார். சுவரை அவ்வளவு அறிந்தவருக்கு, பெயிண்டரைவிடக் குறைந்த கூலி. அவரையே அடிக்கச் சொன்னேன். “பொம்பள ஏணி ஏறினா நல்லாருக்காதும்மா” என்றார் மேஸ்திரி.

“தளம் போடறப்ப கலவைச் சட்டியோட ஏறினா மட்டும் நல்லாருக்குமா?” என்றார் அக்கா.

பேசிப் பேசி, திண்ணைச் சுவர் மட்டும் அவருக்குக் கிடைத்தது, பெயிண்டர் கூலியோடு. மேல்சுவர் கிடைக்கவில்லை.

சுண்ணாம்பு வெளுத்துப்போகும், சில வருடங்களில் மறுபடி அடிக்க வேண்டும். அந்த வேலையைக் காலங்காலமாகப் பெண்கள் செய்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுச் சுவரைக் காத்தவர் யார், பத்திரத்தில் இருப்பது யார் பெயர்? இரண்டையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.