முகச் செம்மையும் அகச் செம்மையும்

'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்பது நம் முன்னோர் மொழி. ஆயினும் முகத்தில் தெரிவன யாவும் அகத்தின் கறை ஆகா. இவ்வுண்மையை எமக்கு உணர்த்தியது, சில ஆண்டுகளாக எம் கன்னங்களிலும் மூக்கிலும் குடிகொண்டுள்ள செந்நிறம். 'ரோசேசியா' என்பது மருத்துவர் அதற்குச் சொன்ன பெயர்.

நாட்டார் பாடல் தொகுக்க மாணவருடன் கல்வராயன் மலையின் வெள்ளிமலைக்குச் சென்றபோது, வெயில் ஏற ஏற எம் முகம் கனன்றது. கண்டோர் சிலர் கண்ணாலேயே பேசிக்கொண்டனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தபின், சிவந்த முகத்தின்மீது விழும் ஐயம் இன்னும் கூர்மையாயிற்று. மது ஹராம் எனக் கற்று வளர்ந்த எமக்கு, நோயினும் அப்பார்வையே சுட்டது.

இந்நோய் பெரிதும் 30 வயதைக் கடந்தோரிடம் தோன்றுவது, தொற்றாதது, மதுவைத் தொடாதவர்க்கும் வருவது. முகத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிவதும் தோல் அழற்சியுறுவதும் இதன் இயல்பு. வெயில், கொதிக்கும் தேநீர், மிகு காரம், மன உளைச்சல் ஆகியன இதனைத் தூண்டும். மாநிறத்தோரிடம் சிவப்பு மறைந்து நிற்பதால், வெறும் முகப்பரு எனப் பிறழ உணரப்படுவதும் உண்டு. கண்ணில் உறுத்தல் தோன்றின் காலந்தாழ்த்தல் ஆகாது. முற்றும் நீங்காதெனினும், மெட்ரோனிடசோல், ஐவர்மெக்டின் முதலிய பூச்சு மருந்துகளால் மருத்துவர் இதனைக் கட்டுப்படுத்துவர்.

ஜும்ஆத் தொழுகைக்குப்பின் ஒருநாள், ஜமாஅத் பெரியவர் ஒருவர் எம்மைத் தனியே அழைத்து நேரிடையாகவே வினவினார். விளக்கம் கேட்டதும் அவர் முகம் வாடியது. தம் மகளும் இத்தகைய சிவப்புக்கு ஓராண்டாகக் கடைக்களிம்பு பூசி வருவதாகக் கூறினார். மறுவாரமே அப்பெண் தோல் மருத்துவரிடம் சென்றார். களிம்பில் இருந்தது ஸ்டீராய்டு.

மாணவச் செல்வங்களே! அத்தகைய களிம்பு முதலில் பொலிவு தரும். நாளடைவில் இந்நோயையொத்த நிலையைத் தானே விளைவிக்கும். அதனாலன்றோ 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்றலாகாது என 2018-இல் நடுவணரசு விதித்தது!

இன்று எம் ஒழுங்கு எளியது: வெளியே குடையும் சன்ஸ்கிரீனும்; ஆறிய தேநீர்; உளூச் செய்கையில் வெந்நீர் தவிர்த்து, தேய்க்காமல் துணியால் ஒற்றுதல். முகத்திற்கு மருந்து உண்டு. வீண் ஐயத்திற்கு மருந்து, அப்பெரியவரைப்போல் அருகழைத்துக் கேட்பதே. அப்பண்பை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!