நீலத் திரை கேட்ட கேள்வி



இரவு பத்து மணிக்குமேல் எங்கள் வீட்டு மாடியறையில் ஒரு கணினி மட்டும் விழித்திருக்கும். அதனால் வீட்டாருக்கு எவ்விதப் பயனும் இல்லை, மின்கட்டணம்தான் கூடும். "யாருக்காக இது ஓடுகிறது?" என்று என் மனைவி ஒருநாள் கேட்டாள். "உம்மாவைப் போன்றவர்களுக்காக" என்று சற்றுப் பெருமிதத்தோடு விடையிறுத்தேன். அந்த விடை ஐந்து வாரகாலம் பொய்யாக இருந்தது. அது பொய் என்பதை நானும் அறிந்திருக்கவில்லை. அந்தக் கதையைத்தான் இங்கே உங்களிடம் சொல்ல விழைகிறேன்.

என் தாயாருக்கு வயது எழுபத்தெட்டு. நான்கு ஆண்டுகளாக அல்சைமர் என்னும் மறதி நோய். பெற்ற பிள்ளைகள் நால்வரில் என்னை மட்டும் அவர் "ஹஜரத்" என்று அழைக்கிறார். மகன் என்பது மறந்துவிட்டது. ஓதிக் கொடுப்பவன் என்பது மட்டும் எஞ்சி நிற்கிறது. முதல் முறை அவ்வாறு அழைத்தபோது பக்கத்தில் நின்ற என் மகள் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை.

ராத்தாவின் மகன் பெங்களூரில் கணினித் துறையில் பணிபுரிகிறான். விடுமுறைக்கு வந்திருந்தபோது அவன் சொல்லித்தான் ஃபோல்டிங் அட் ஹோம் என்னும் திட்டத்தை அறிந்தேன். நம் உடலிலுள்ள புரதங்கள் நீண்ட சங்கிலி போன்றவை. உரிய வடிவில் மடிந்தால்தான் அவை உரிய பணியைச் செய்யும். மடிப்பில் நேரும் பிழை அல்சைமர் போன்ற நோய்களோடு தொடர்புடையது. அந்த மடிப்பின் போக்கைக் கணக்கிட்டுப் பார்க்க மாபெரும் கணிப்பாற்றல் வேண்டும். அதற்காக 2000-ஆம் ஆண்டு அக்டோபரில், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், விஜய் பாண்டே என்னும் அறிஞரின் குழுவினர் இதனைத் தொடங்கினர். உலகெங்கும் வீடுகளில் சும்மா கிடக்கும் கணினிகளுக்குக் கணக்கைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து அனுப்புவார்கள். கணினி செய்து முடித்த துண்டு இணையத்தின் வழியே திரும்பிச் செல்லும். 2020-ஆம் ஆண்டு கொரோனாக் காலத்தில் இலட்சக்கணக்கானோர் சேர்ந்தபோது, அதன் வேகம் விநாடிக்கு ஒரு எக்ஸாஃப்ளாப்பைக் கடந்தது. ஒன்றுக்குப் பின் பதினெட்டுச் சுழிகள் இட்டால் வரும் எண் அது.

வரலாறு படித்த கலைப் பட்டதாரி நான். கணக்கென்றால் பள்ளி நாள்களிலிருந்தே எனக்குக் காத தூரம். ஆயினும் ஆசை பிடித்துக்கொண்டது. மருமகன் தன் பழைய கணினியை எனக்கே விட்டுச் சென்றான். அதில் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்னும் கிராஃபிக்ஸ் அட்டை இருந்தது. படம் காட்டுவதற்கென்று செய்யப்பட்ட அந்த அட்டைக்குள் 768 சிறு கணிப்பான்கள் ஒரே நேரத்தில் உழைக்கின்றன. ஆகவே இத்தகைய கணக்குகளுக்கு அது மிகவும் ஏற்றது. கணினியின் மையச் செயலி பழையது, சூடேறும் என்பதால், வேலை அனைத்தையும் அட்டைக்கே ஒதுக்கிவிட்டான். லினக்ஸ் வகையில் டெபியன் 12-ஐ நிறுவினான். லினக்ஸோடு வரும் நூவோ என்னும் இயக்கி மென்பொருள் திரையில் படம் காட்டப் போதுமானது. இந்தக் கணக்குகளுக்கு அட்டையைத் தயாரித்த என்விடியாவின் இயக்கியே வேண்டும். அதனையும் நிறுவி முடித்தான். அதற்குள் இரயிலுக்கு நேரமாகிவிட்டது. "மாமா, ஒருமுறை அணைத்துப் போடுங்கள். திரை கேட்கும்போது இந்தக் கடவுச்சொல்லைக் கொடுங்கள்" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தந்துவிட்டு ஓடினான்.

மறுநாள் காலையில் அணைத்துப் போட்டேன். நீலநிறத் திரை ஒன்று தோன்றியது. பழைய கணினிகளில் நீலத் திரை என்றாலே பழுது என்று கண்டு பழகியவன் நான். பதறிப்போய், முதலில் இருந்த "தொடர்ந்து இயங்கு" என்னும் வரியைத் தேர்ந்தேன். கணினி ஒழுங்காக எழுந்தது. தப்பித்தேன் என்று மூச்சு விட்டேன். சீட்டு சட்டைப் பையிலேயே கிடந்து சலவைக்குப் போயிற்று.

அதன்பின் ஐந்து வாரங்கள் நாள்தோறும் இரவு பத்து முதல் நான்கு வரை கணினியை ஓடவிட்டேன். விசிறி சுழன்றது, விளக்கு எரிந்தது. திரையில் எழுத்துகள் மட்டும் பருத்தும் மங்கியும் தெரிந்தன. மூக்குக் கண்ணாடியை மாற்றும் வயது வந்துவிட்டது போலும் என்று எண்ணிக்கொண்டேன்!

ஒருநாள் மருமகன் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, உங்கள் பெயரில் ஒரு துண்டு வேலைகூடப் போய்ச் சேரவில்லையே?"

அன்றிரவு தொலைபேசியைக் காதில் இடுக்கிக்கொண்டு அமர்ந்தேன். மதரஸாவில் ஹதீஸ் பாடம் நடத்தும்போது அறிவிப்பாளர் வரிசையை ஒவ்வொருவராகப் பார்த்து வருவோம். நடுவில் ஒரு கண்ணி விடுபட்டாலும் வரிசை அறுந்ததாகவே பொருள். அவன் செய்ததும் அதே வேலைதான். அட்டையைக் கணினி காண்கிறதா? காண்கிறது. இயக்கி நிறுவப்பட்டிருக்கிறதா? இருக்கிறது. லினக்ஸின் உட்கருவாகிய கெர்னலுக்கு ஏற்ப அது தொகுக்கப்பட்டதா? ஆம். கெர்னலுக்குள் ஏற்றப்பட்டிருக்கிறதா? இல்லை. கையால் ஏற்றிப் பார்க்கச் சொன்னான். "சாவி மறுக்கப்பட்டது" என்னும் பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. அதைப் படித்துக் காட்டியதும் எதிர்முனையில் சற்று நேரம் பேச்சில்லை.

"மாமா, நீலத் திரை வந்ததா?"

வந்தது என்றேன். நான் செய்ததையும் சொன்னேன்.

செக்யூர் பூட் என்பது கணினியின் காவற்காரன். நம்பத்தக்க முத்திரை இல்லாத எதையும் அவன் கெர்னலுக்குள் விடமாட்டான். என் கணினியில் தொகுக்கப்பட்ட இயக்கிக்கு என் கணினியே ஒரு சாவியை உருவாக்கி முத்திரையிட்டிருந்தது. "இந்தச் சாவியை ஏற்கலாமா?" என்றுதான் அந்த நீலத் திரை கேட்டது. கணினிக்கு முன் நேரில் அமர்ந்திருப்பவர்தான் விசைப்பலகையில் அதற்கு விடையளிக்க இயலும். பெங்களூரிலிருந்து எவ்வளவு கெட்டிக்காரனாலும் இயலாது. எந்திரத்தின் உடைமையாளர் சாவி என்றே அதற்குப் பெயர். உடைமையாளனோ கேள்வியைப் படிக்காமலே கடந்து போயிருந்தான்.

காவலையே நீக்கிவிட்டால் வேலை எளிதில் முடியும் என்றான் மருமகன். பலர் அவ்வாறு செய்கிறார்களாம். பூட்டைத் திறக்கச் சோம்பிக் கதவைப் பெயர்ப்பது எனக்கு உடன்பாடாகத் தோன்றவில்லை. மோக்யூட்டில் என்னும் கட்டளையால் சாவியை மீண்டும் பதிவுக்கு அனுப்பி, புதிய கடவுச்சொல்லும் கொடுத்து, கணினியை அணைத்துப் போட்டேன். அந்த நேரம் பார்த்துக் கீழிருந்து உம்மா "ஹஜரத்!" என்று அழைத்தார். இறங்கிப் போய்த் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தேன். நீலத் திரை பத்து விநாடிதான் காத்திருக்கும், அது போய்விட்டது. மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

மூன்றாம் முறை விசைப்பலகையின்மேல் கையை வைத்தபடியே காத்திருந்தேன். கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாது. இருளில் ஊசியில் நூல் கோப்பது போலத்தான். கணினி எழுந்தபோது எழுத்துகள் அத்தனையும் கூர்மையாகத் தெரிந்தன. கண்ணாடிக்குச் செலவு மிச்சம்.

ஆயினும் வேலை வரவில்லை! ஓப்பன்சிஎல் என்னும் நூலகத் தொகுப்பின் வழியாகவும் அந்தத் திட்டம் அட்டையோடு பேசும். டெபியனில் என்விடியா இயக்கிக்குரிய ஓப்பன்சிஎல் தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டியிருந்தது. "இது என் மறதி, மாமா" என்றான். நிறுவினோம், திட்டத்தின் மென்பொருளை நிறுத்தித் தொடங்கினோம். இரவு ஒன்றரை மணிக்கு முதல் துண்டு வந்து இறங்கியது. அட்டையின் உழைப்பு 97 விழுக்காடு என்றும், வெப்பம் 71 பாகை என்றும் திரை காட்டியது. விசிறியின் ஓசையே வேறாக இருந்தது.

காலையில் மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். "அஞ்சு வாரமா சும்மாவா சுத்துச்சு?" என்றாள். அதற்கு என்னிடம் விடையில்லை. பிறகு இருவரும் கணக்குப் பார்த்தோம். அட்டை உச்சமாக 75 வாட் எடுக்கும். கணினி முழுவதற்கும் ஏறத்தாழ 150 வாட். நாளுக்கு ஆறு மணி நேரமென்றால் இரண்டு மாதக் கட்டணச் சீட்டில் 54 யூனிட் ஏறும். மதரஸா ஆசிரியர் வீட்டில் அது சிறிய தொகையன்று. சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "சரி, கோடையில் மட்டும் நாலு மணி நேரம் போதும்" என்றாள். உம்மாவுக்கு மாத்திரை கொடுப்பவள் அவள்தான்.

கெர்னல் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் இயக்கி மீண்டும் தொகுக்கப்பட வேண்டும். அதற்குரிய கெர்னல் தலைப்புக் கோப்புகள் கணினியில் இருந்தால் அது தானே நடந்துவிடும், சாவியும் அதுவேதான். இப்போதெல்லாம் மாடிப்படி ஏறும்போது மனைவி கேட்கிறாள்: "இன்னைக்கு ஓடுதா, சும்மா சுத்துதா?" நான் மேலே போய்க் கட்டளையைத் தட்டி, எண்ணைப் பார்த்தபிறகே அவளுக்கு விடை சொல்கிறேன்.