ஒழுக்கின் காரணம் காண்டல்

சிவமயம்

காரியத்தைக் கொண்டு காரணத்தை உணர்தல் நம் சித்தாந்த நூல்கள் கைக்கொண்ட நெறியாகும். சிவஞானபோதத்தின் முதற் சூத்திரம், தோன்றி நின்று ஒடுங்கும் உலகினைக் காட்டி, அதற்கு ஒரு வினைமுதல் உண்டென நிறுவுகின்றது. இந்நெறியை அன்பர் சிலர்க்குப் பல்லாண்டு பாடஞ் சொல்லி வந்த யான், என் வீட்டு அடுக்களையில் அதனைக் கைவிட்டுப் பிழைபட்டேன். அதனை மறையாது கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

யான் வாழும் சடையங்குப்பம், திருவொற்றியூர்க்கு அணித்தாய், கொசத்தலையாற்றை அடுத்துள்ள தாழ்ந்த நிலம். 2015, 2021, 2023 ஆகிய ஆண்டுகளின் மழைக்காலங்களில் இவ்வூரை வெள்ளஞ் சூழ்ந்தது. இங்கே மழை ஓய்ந்த பின்னும் நீர் ஏறுதலுண்டு. மேற்கே பூண்டி நீர்த்தேக்கத்தின் மதகுகளைத் திறப்பின், அந்நீர் இவ்வழியாகவே எண்ணூர்க் கழிமுகம் சேரும். ஆகவே வெள்ளங் காணப்படும் இடம் ஒன்று, அதன் காரணம் உள்ள இடம் வேறொன்று என்பதனை எம்மூர்ச் சிறுவரும் அறிவர்.

அயல்நாட்டில் வாழும் என் இளைய மகன், ஈராண்டின்முன் வந்திருந்த காலத்து, காய்த்தோல் முதலிய உணவுக் கழிவினை அரைத்து நீரொடு போக்கும் மின்பொறி ஒன்றைப் பாத்திரங் கழுவும் தொட்டியின் அடியிற் பொருத்திச் சென்றான். அண்மையில் அப்பொறியின் கீழே நாடோறும் நீர் தேங்கலாயிற்று. தரையின் ஈரம் போலும் என்று முதலில் எண்ணினேன். பின்னர், மூத்த மருமகள் தொட்டி நிரம்ப நீர்விட்டுக் கழுவுதலே காரணமென்று துணிந்து, அவளைப் பலமுறை கடிந்தேன். அவள் மறுமொழி கூறிற்றிலள். அழைத்து வந்த குழாய்த் தொழிலாளர், பொறியின் அடியில் துளி சொட்டுதலைக் கண்டு, உள்ளே உள்ள அடைப்பு தேய்ந்துவிட்டது, பொறியையே மாற்றல் வேண்டும் என்றார். அதற்காகும் பொருளும் என் மருமகள் இழைத்த நட்டமே என்று யான் கூறியபோது, அவள் கண் கலங்கினாள்.

மறுநாட் காலை, "மாமா, பழி யார்க்காயினும் ஆகுக, முதலில் எல்லாவற்றையும் நன்றாகத் துடைத்துவிட்டுப் பார்ப்போம்" என்றாள். மின்னிணைப்பை நீக்கினாள். பொறியை உலர்ந்த துணியால் ஈரமற ஒற்றி எடுத்தாள். தொட்டியின் துளையைச் சூழ்ந்த வளையத்தின் கீழும், பக்கத்துக் குழாய் சேரும் வாயிலும், பொறியின் அடியிலும் வெண்துணித் துண்டுகள் மூன்று கட்டினாள். பின்பு துளையை அடைத்து, மஞ்சள் கரைத்த நீரைத் தொட்டியில் நிரப்பினாள். கால் நாழிகை சென்றது. மேல்வளையத்துத் துணி மஞ்சளாயிற்று. ஏனைய இரண்டும் வெளுப்பாகவே இருந்தன. அடைப்பை எடுத்து நீரைப் பொறியின்வழி விட்டபோதும் அவ்விரண்டும் நனைந்தில. மேல்வளையத்திற் கசிந்த நீரே பொறியின் புறத்தே வழிந்து அடியிற் சொட்டியதென்பது விளங்கிற்று.

சிவஞானசித்தியாரின் அளவை இலக்கணம் ஏது மூன்று கூறும். அவை இயல்பு, காரியம், அநுபலத்தி என்பன. மேலே நிறம் ஏறியது காரிய ஏது; கீழே நிறம் ஏறாமை அநுபலத்தி. நூல் கற்ற யான் இரண்டனையும் நாடிற்றிலேன். பனிப்படலத்தைப் புகையென மயங்கி ஆங்கு நெருப்புண்டென்பான் போல, துளி வீழ்ந்த இடத்தையே காரணம் உள்ள இடமாகக் கொண்டேன். நூல் கல்லாத அவள் துடைத்து, காத்திருந்து, கண்டாள்.

வளையம் தளர்ந்தது எவ்வாறு என்னும் வினா எஞ்சிற்று. அப்பொழுதுதான் எனக்கு நினைவு வந்தது. அரிசித்தகரம் வைக்க இடம் போதாமையின், சின்னாட்களின் முன் அப்பொறியை இரு கையாலும் பற்றித் திருப்பி ஒதுக்கியவன் யானே! அன்று வளையத்தின் பிடி நெகிழ்ந்து, நீர் கசியாதபடி இட்ட பசையும் விண்டது. குற்றம் என்னுடையது, கடுஞ்சொற் கேட்டவளோ அவள்.

புற இருள் பிற பொருள்களை மறைப்பினும் தன்னையேனும் இருளெனக் காட்டும். ஆணவமோ தன்னையும் காட்டாது மறைக்கும் என்பது திருவருட்பயனிற் கண்ட பொருள். இதனைப் பலகால் விளக்கியிருக்கின்றேன். பிறர் குற்றம் தேடிய அந்நாட்களெல்லாம் என் கைகள் செய்தது என் நினைவில் எழாமல் நின்றதே, அம்மறைப்பிற்கு வேறு சான்று வேண்டுமோ?

எம்பிரான் சுந்தரர், திருவொற்றியூர் மகிழின்கீழ்ச் சங்கிலியார்க்குச் செய்த சூளுறவைக் கடந்து, எல்லை நீங்கியவுடன் கண்ணொளி இழந்தார். திருவெண்பாக்கம் சேர்ந்தபோது, பிழை தம்முடையதென்பதனை மறையாது இறைவன்முன் உரைத்தார், ஊன்றுகோல் பெற்றார். அவ்வெண்பாக்கத்துப் பழங்கோயில் நின்ற இடம், 1944-இல் அமைந்த பூண்டி நீர்த்தேக்கத்துள் மூழ்கியது. திருக்கோயில் பின்னர்ப் பூண்டியில் எடுக்கப்பெற்றது. எம்மூர்க்கு வெள்ளம் வரும் அத்திசையை நோக்குந்தோறும், தம் பிழையைத் தாமே கூறிய அவ்வடிகளை இனி நினைப்பேன்.

பழைய பசையைச் சுரண்டி நீக்கி, புதிது இட்டு, வளையத்தை முறுக்கியபின் ஒழுக்கு நின்றது. அன்று மாலை மருமகளை அழைத்து, வீட்டார் அனைவரும் கேட்ப, "அம்மா, பிழை என்னுடையது, பொறுத்துக்கொள்" என்றேன். அவள், "போகட்டும் மாமா, விளக்கேற்றும் நேரமாயிற்று" என்று சொல்லிப் பூசையறைக்குச் சென்றாள். அளவை நூலை இனிப் பாடஞ் சொல்லும்போது, மஞ்சள் ஏறிய அத்துணியையே முதலெடுத்துக்காட்டாகக் கூறுவேன். அதனைக் கட்டியது யார் என்பதனையும் உடன் கூறுவேன்.

திருச்சிற்றம்பலம்