ஆர்ச் கேட்டுக்கு வெளியே ஒரு வீடு

நெய்வேலி டவுன்ஷிப்புக்குள் வீடு வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது. எல்லாம் என்.எல்.சி. நிலக்கரி நிறுவனத்தின் குவார்ட்டர்ஸ். கிரேடும் சீனியாரிட்டியும் பார்த்துக் கொடுப்பார்கள். குழாய் ஒழுகினால் புகார் எழுதிவிட்டு வந்தால் போதும், ஆள் வரும். ஓய்வு பெற்றால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதனால் என் பிழைப்பு டவுன்ஷிப் நுழைவாயிலான ஆர்ச் கேட்டுக்கு வெளியேதான்: இந்திரா நகர், வடக்குத்து, மறுபக்கம் மந்தாரக்குப்பம், கொஞ்சம் தள்ளினால் வடலூர். பழைய வீடுகளை விற்றுக் கொடுக்கும் புரோக்கர் நான்.

இங்கே வீடு பார்க்க வருகிறவர் மற்ற ஊர்க்காரர் மாதிரி இல்லை. முப்பது வருஷம் நல்ல வீட்டில் இருந்திருப்பார், ஆனால் ஒரு வீட்டையும் தானாகத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார். சுவரைத் தட்டிப் பார்ப்பதே அறுபது வயதில்தான் ஆரம்பிக்கிறது. பத்திரம் என்றால் பயம், மேஸ்திரி என்றால் சந்தேகம். மனசுக்குள் ஓர் அளவுகோல் மட்டும் இருக்கும்: பதினெட்டாம் வட்டத்திலோ இருபதாம் வட்டத்திலோ இன்னும் சில மாதத்தில் விட்டுவிட்டு வரப்போகிற குவார்ட்டர்ஸ். அகலமான ரோடு, ரோடு முழுக்க நிழல், பின்னால் மாமரம், பலாமரம். நான் காட்டும் வீடு பக்கத்துத் தெரு வீட்டோடு போட்டி போட்டால் ஜெயித்துவிடும். அந்தத் தோட்டத்தோடு போட்டி போட்டு எந்த மூன்று சென்ட் வீடு ஜெயிக்கும்?

அதனால் ஓய்வு பெறப்போகிறவர் வந்தால் நான் ஹாலில் ஆரம்பிப்பதில்லை. நேராகப் பின்பக்கம் கூட்டிப்போகிறேன். காம்பவுண்டுக்கும் சுவருக்கும் நடுவே நாலடி இடம் இருக்கும். ஒரு முருங்கை வைக்கலாம், கறிவேப்பிலை வைக்கலாம், பலா வைக்க முடியாது. பார்த்ததும் முகம் சுருங்கும். சுருங்கட்டும். அந்த ஏமாற்றத்தை முதலிலேயே பட்டுத் தீர்த்துவிட்டவர் மற்ற அறைகளை நிதானமாகப் பார்ப்பார். ஹாலையும் பூஜை அறையையும் பார்த்து மகிழ்ந்துபோய்க் கடைசியில் பின்கதவைத் திறந்தவர் அந்த நாலடியைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவார்.

இரண்டாம் முறை வருகிறேன் என்பவரை மதியம் இரண்டரை மணிக்கு வரச்சொல்வேன். வீட்டுக்காரர்களுக்கு இதில் என்மேல் கோபம். காலை ஏழு மணிக்கு எந்த வீடும் அழகுதான். சித்திரை மதியத்தில் மாடி அறைக்குள் நின்று, ஒரு ஃபேன் காற்றில் ஐந்து நிமிஷம் பேசிவிட்டு, "பரவாயில்லை சார்" என்று சொல்பவர்தான் அட்வான்ஸ் கொடுக்கிறார். அப்போது சொல்லாதவர் கிரையத்துக்கு முதல் நாள் சொல்வார். அதற்கு முன்னால் தெரிந்துகொள்வது எல்லாருக்கும் லாபம்.

மொட்டை மாடியைக் கழுவ வேண்டாம் என்றும் சொல்லிவைப்பேன். பழுப்பு நிலக்கரி எரிகிற ஊர் இது. சோவியத் உதவியோடு கட்டி 1962இல் ஓட ஆரம்பித்த முதல் அனல்மின் நிலையத்தை 2020இல் நிறுத்திவிட்டார்கள். மற்றவை ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பார்க்க வரும் அம்மாக்கள் பேச்சுவாக்கில் கைப்பிடிச் சுவரில் சாம்பல் படிந்திருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பார்ப்பார்கள். கொடிக்கம்பி எங்கே கட்டலாம் என்று அந்த விரல்தான் முடிவு செய்கிறது. கழுவி வைத்த மாடியில் விரல் சுத்தமாக வந்தால் சந்தோஷப்பட மாட்டார்கள். "என்னத்தையோ மறைக்கிறாங்க" என்பார்கள், வீட்டுக்காரருக்குக் கேட்காத குரலில். புது வெள்ளையடிப்பும் அப்படித்தான். பெயின்ட் வாசனை மாறாத அறைக்குள் நுழைகிற ஆள், அண்ணாந்து பார்த்துக் கசிவைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

விரிசலைக் கேட்டால் நானே காட்டிவிடுவேன். பூச்சில் வலை மாதிரி ஓடும் மயிரிழை விரிசல் ஒன்றும் செய்யாது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போய், விரல் நகம் உள்ளே இறங்குகிற விரிசலாக இருந்தால் மேஸ்திரியைக் கூட்டிவரச் சொல்வேன்.

தண்ணீர்க் கேள்விதான் பெரியது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது கறுப்பாக வெளிவந்ததிலிருந்து தொடங்கியது இந்த ஊரின் கதை. அந்த நிலக்கரிப் படுகைக்குக் கீழே ஆர்ட்டீசியன் நீர் அழுத்தத்தோடு நிற்கிறது. இராப்பகலாக அதை இறைத்தால்தான் சுரங்கத்தின் தரை பிளக்காமல் இருக்கும். முன்பு தானாகப் பொங்கி வழிந்த ஊற்றுக் கிணறுகளைப் பற்றிச் சுற்றுப்புற ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். இப்போது யார் வந்தாலும் "போர் எத்தனை அடி?" என்று கேட்கிறார்கள். வாயால் பதில் சொல்லாமல் மோட்டாரைப் போட்டுவிட்டு, டேங்க் நிரம்பும்வரை வீட்டைச் சுற்றிக் காட்டுவேன். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் அந்தக் கேள்வி திரும்ப வருவதில்லை.

திரும்பத் திரும்ப வருகிற கேள்வி வேறு. "இங்க மைன்ஸ் வருமா?" 2023 ஜூலையில் வளையமாதேவியில் என்.எல்.சி.யின் பரவனாறு மாற்றுக் கால்வாய்க்காகப் பயிர் நின்ற நெல்வயலுக்குள் இயந்திரங்கள் இறங்கியதை டிவியில் எல்லாரும் பார்த்தார்கள். அதற்குப் பிறகு வெகுதூரத்துக் கிராமத்து மனைக்கும் இந்தக் கேள்வி வந்தது. என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு தாலுகா அலுவலகத்தில் அறிவிப்பு ஏதும் இருக்கிறதா என்று கேளுங்கள், வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். இன்றைக்கு இல்லை என்பதற்குத்தான் காகிதம் உண்டு. இருபது வருஷம் கழித்து என்ன ஆகும் என்பதற்குக் காகிதம் கிடையாது. "வரவே வராது சார்" என்று அடித்துச் சொல்கிற புரோக்கர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வியாபாரமும் சீக்கிரம் முடிகிறது. எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை, வர வேண்டாம் என்றும் இருக்கிறேன்.

காகிதச் சங்கதிகளில் அதிகம் இழுப்பது பழைய மனைதான். 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. மறுவருஷம் வரன்முறை விதிகள் வந்தன. ஆனாலும் விவசாய நிலத்தைக் கல் நட்டுப் பிரித்த காலத்தில் வாங்கியவர்கள் பலர் வரன்முறைக் காகிதம் வாங்காமலே விட்டுவிட்டார்கள். வங்கிக் கடன் அங்கேதான் முட்டும். வீட்டைப் பார்க்கக் கூட்டிப்போகும் முன் தாய்ப்பத்திரத்தை நான் பார்த்துவிட வேண்டும் என்பது இதனால்தான். வீடு பிடித்துப்போன பிறகு காகிதம் இல்லை என்று சொல்வது, பசித்தவன் முன் இலையைப் போட்டுவிட்டு எடுப்பது போல.

வாங்குகிற ஆட்களும் மாறிவிட்டார்கள். நிரந்தரத் தொழிலாளர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டே இருக்கிறார்கள், அந்த அளவுக்குப் புதிதாக ஆள் எடுப்பதில்லை. புதிதாக வரும் இன்ஜினீயர் ஒடிசாவின் தலபிராவுக்கோ, கான்பூர் பக்கம் காட்டம்பூருக்கோ மாற்றலாவோம் என்று நினைக்கிறார். அவர் இங்கே எதற்கு வீடு வாங்குவார்? இன்று என்னிடம் வருவோரில் பாதிப்பேர் ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பங்கள். விசாரிப்பில் அவர்கள்தான் கெட்டி. பீரோ படியேறுமா என்று முழம் போட்டுப் பார்ப்பார்கள், அண்டை வீட்டில் யார், குப்பை வண்டி வருமா, மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நிற்குமா என்று கேட்பார்கள். ஒரு குறையும் சொல்லாமல் "வீடு அம்சமா இருக்கு, கலந்துகிட்டு சொல்றோம்" என்று போகிறவர் திரும்ப மாட்டார். குறை சொல்கிறவர் விலை பேசுகிறார்.

விற்கிறவரைப் பார்த்துக்கொள்வதுதான் கடினம். பெரும்பாலும் அப்பா காலமாகி, அம்மாவைப் பிள்ளைகள் பெங்களூருக்கோ அமெரிக்காவுக்கோ அழைத்துக்கொண்டிருப்பார்கள். வாரிசுகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும், வெளிநாட்டில் இருக்கிற தம்பி பவர் அனுப்ப வேண்டும். அதற்குள் ஆடி வந்துவிடும், பிறகு மார்கழி வந்துவிடும். ஒவ்வொரு முறை ஆள் வந்துபோன அன்று இரவு போன் வரும்.

"அங்கிள், என்ன சொன்னாங்க?"

"பிடிக்கலம்மா" என்று மட்டும் சொன்னால் தூங்க மாட்டார்கள். விலையைக் குறைத்துவிடலாமா என்பார்கள். அதனால் எங்கே நின்றார்கள், எதைத் தொட்டுப் பார்த்தார்கள், எந்த அறையில் குரல் இறங்கியது என்று வரிசையாகச் சொல்வேன். போன வாரம் ஓர் அம்மா சமையலறை மேடைக்கு எதிரில் வெகுநேரம் நின்றுவிட்டுப் போனார்.

"மேடை உயரம் அவங்களுக்கு எட்டல, அவ்வளவுதான். வீட்டு மேல குறையில்லம்மா. விலையை இப்ப தொடாதீங்க. செப்டிக் டேங்க் மூடி உடைஞ்சிருக்கு, அத மாத்திடலாம். திங்கட்கிழமை மேஸ்திரிய அனுப்புறேன், நீங்க பணம் மட்டும் போட்டுவிடுங்க."