ஆடிட்டர் வேண்டுமா?

மயிலாப்பூரில் குடும்ப டாக்டர் என்று ஒருவர் இருப்பதுபோல் குடும்ப ஆடிட்டர் என்றும் ஒருவர் இருப்பார். மாத வருமானம் தவிர வேறொன்றும் அறியாத வீடுகளிலும் ஜூலை பிறந்துவிட்டால் ‘ஆடிட்டரைப் பார்த்தாச்சா?’ என்ற கேள்வி எழுந்துவிடும். சட்டப்படி, சம்பளமோ ஓய்வூதியமோ மட்டும் வாங்குகிறவரின் வருமான வரிக் கணக்குக்கு ஆடிட்டர் கையெழுத்து தேவையே இல்லை. வியாபாரம், தொழில் என்று ஓர் அளவுக்குமேல் நடத்துகிறவர்களுக்குத்தான் தணிக்கை. ஆனால் கையெழுத்துக்காகவா மக்கள் போகிறார்கள்? பயத்தினால் போகிறார்கள்.

அந்தப் பயம் பழையது. 1860இல் ஜேம்ஸ் வில்சன் இந்தியாவில் வருமான வரியைக் கொண்டுவந்தபோது அதைப் பகிரங்கமாக எதிர்த்தவர் நம் சென்னையின் ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன். விளைவு, அவரையே பதவியிலிருந்து திருப்பி அழைத்துக்கொண்டார்கள். ஆளுநருக்கே அந்தக் கதி என்றால் என் அம்மா எம்மாத்திரம்!

அப்பா மாநில அரசு ஊழியர், 2023இல் காலமானார். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் மாதம் 26,000 ரூபாய். அப்பாவின் பணிக்கொடையை வங்கியில் போட்டு வைத்ததில் 2024-25ஆம் நிதியாண்டில் 84,000 ரூபாய் வட்டி வந்தது. அம்மாவுக்கு இன்னும் அறுபது ஆகவில்லை. அந்த வயதுக்காரர்களுக்கு அவ்வாண்டு வட்டி 40,000ஐத் தாண்டினால் நூற்றுக்குப் பத்து பிடித்தம். ஆக 8,400 ரூபாய் வங்கியிலேயே வரியாகப் போய்விட்டது. அதைத் திரும்பப் பெற வேண்டுமானால் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும்.

அப்பா இருந்தவரை தி.நகரில் பனகல் பூங்காவுக்குப் பக்கத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்கு மஞ்சள் பையோடு போய்வருவார். அங்கே தொலைபேசியில் கேட்டதற்கு, 1,500 ரூபாய் ஆகும் என்றார்கள். நியாயமான தொகைதான். ஆனால் வரப்போவதே 8,400. எங்கள் வீட்டுக்கு 1,500 என்பது ஒரு மாத மின்கட்டணமும் காஸ் சிலிண்டரும்.

“போனா போகுது. நாளைக்கு நோட்டீஸ் வந்தா யார் போய் பதில் சொல்றது?” என்றார் அம்மா.

“ஆடிட்டர் போட்டாலும் நோட்டீஸ் உன் பேருக்குத்தாம்மா வரும்” என்றேன். அது அவருக்கு ஆறுதலாக இல்லை.

பி.காம். மாணவியாகிய எனக்கு வருமான வரி ஒரு பாடம். அந்தப் பாடத்தில் வருகிறவர் எப்போதும் திரு. எக்ஸ். அவருக்கு டிரைவரோடு கார் உண்டு, வாடகையில்லாத வீடு உண்டு, சமையற்காரர்கூட உண்டு. கணவரை இழந்த திருமதி எக்ஸ் ஒருவரை நான் கணக்கில் சந்தித்ததில்லை.

எண்களில் சிக்கல் ஏதுமில்லை. ஓய்வூதியம் 3,12,000, வட்டி 84,000, மொத்தம் 3,96,000. புதிய வரிமுறையில் அவ்வாண்டு ஏழு லட்சம் வரை கழிவு போக வரி பூஜ்யம். பழைய முறையில் போட்டாலும் பூஜ்யம்தான். பிடித்தது முழுவதும் திரும்ப வரவேண்டியது.

தயங்க வைத்தது வேறொன்று. துறையின் இணையதளத்தில் நம் விவரங்கள் பெரும்பாலும் முன்கூட்டியே நிரப்பப்பட்டு வருகின்றன. அம்மாவின் ஓய்வூதியம் அங்கே சம்பளப் பகுதியில் ஏறியிருந்தது. 75,000 ரூபாய் நிலைக்கழிவும் சேர்ந்திருந்தது. அப்படியே அனுப்பினால் யாருக்கும் நஷ்டமில்லை, வரி எப்படியும் பூஜ்யம். ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஊழியர் வாங்கும் ஓய்வூதியம் சம்பளம். அவர் மனைவிக்கு வருவது ‘இதர வருமானம்’. ஏனென்றால் அரசுக்கும் அவருக்கும் இடையே முதலாளி, ஊழியர் என்ற உறவு இல்லை. அவருக்குரிய கழிவும் வேறு: மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, இரண்டில் எது குறைவோ அது. எங்கள் பேராசிரியையிடம் கேட்டேன். அவரும் அதையே உறுதிசெய்தார்.

அம்மாவிடம் விளக்கினேன். அதிகாலை நாலரைக்கு எழுந்து இருபத்தாறு வருஷம் டிபன் பாக்ஸ் கட்டியவருக்குச் சட்டம் கொடுத்த தலைப்பு ‘இதர’. சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “சரி, இருக்கறதை இருக்கற மாதிரியே போடு. ஆடிட்டர் வேண்டாம்” என்றார். எந்த இடத்தில் அவருடைய பயம் போயிற்று என்று எனக்கு விளங்கவில்லை. என்ன எழுதப் போகிறோம் என்று தெரிந்ததும் போயிருக்கலாம்.

‘சகஜ்’ என்ற படிவம். ஒரு மாலை வேலை. ஓய்வூதியத்தைச் சம்பளத்திலிருந்து எடுத்து இதரத்தில் வைத்தேன். வங்கி பிடித்த தொகையைப் படிவம் 26ஏஎஸ்ஸோடு ஒப்பிட்டேன். கடைசியில் ஆதார் எண்ணுக்கு வந்த ஆறு இலக்கத்தை அம்மா ஒவ்வொன்றாக வாசித்தார். அந்தக் கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சரிபார்க்காத கணக்கு தாக்கல் ஆன கணக்கே அல்ல. ஆகஸ்டில் அனுப்பினோம். (அவ்வாண்டு ஜூலை 31 என்ற கெடு செப்டம்பர் வரை நீண்டிருந்தது.) மூன்று வாரத்தில் 8,400ம் வந்து சேர்ந்தது.

இதைப் படித்துவிட்டு ஆடிட்டர்களே வேண்டாதவர்கள் என்று நான் சொல்வதாக வணிகவியல் தோழிகள் சண்டைக்கு வரக்கூடாது. நம்மில் பாதிப் பேருக்கு அந்தக் கனவுதானே! இந்தியாவின் முதல் பெண் பட்டயக் கணக்கர் ஆர். சிவபோகம் நம் இராணி மேரிக் கல்லூரியில் படித்தவர். சட்ட மறுப்பில் சிறை சென்றவர். 1933இல் தேர்வில் தேறியும், சிறை சென்றதைக் காட்டித் தொழில் நடத்த விடாதபோது வழக்காடி உரிமை பெற்றவர். அப்படிப்பட்டவர்கள் இருந்த தொழிலில், வங்கித் தாளைப் பார்த்து எண்களைத் தட்டச்சு செய்வதற்கு மட்டும் ஒருவரைத் தேடிப் போவது எனக்கென்னவோ பொருத்தமாகப் படவில்லை. நுங்கம்பாக்கத்தில் வருமான வரி அலுவலகமும் கணக்கர் கழகக் கட்டடமும் அடுத்தடுத்து, கதவெண் 121, 122 என்று நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவே ஓடவேண்டிய வழக்குகள் வேறு.

எங்களுக்கே அப்படி ஒன்று வரப்போகிறது. மந்தைவெளியில் பாட்டி வீடு, 1970களில் கட்டியது. அம்மாவுக்கும் இரண்டு மாமாக்களுக்கும் பங்கு. விற்கும் பேச்சு நடக்கிறது. 2001 ஏப்ரல் முதல் தேதியன்று அதன் மதிப்பு என்ன, 2024 ஜூலையில் வந்த மாற்றத்துக்குப் பின் விலைவாசிக் குறியீட்டோடு 20 சதவீதம் கட்டுவதா, குறியீடு இல்லாமல் பன்னிரண்டரையா, பங்குத் தொகையை வேறு வீட்டில் போட்டால் விலக்கு எவ்வளவு என்று மூன்று கேள்விகளை நானே எழுதி வைத்திருக்கிறேன். மூன்றுக்கும் பனகல் பூங்காவுக்குத்தான் போகவேண்டும். அவர்கள் கேட்கும் பணத்தைக் கொடுக்க அம்மாவும் தயார். தாய்ப் பத்திரத்தை மஞ்சள் பையில் போட்டுத் தனியாக எடுத்து வைத்துவிட்டார். முதலில் வில்லங்கச் சான்று வாங்கட்டும் என்கிறார் பெரிய மாமா.