பெயர் வேண்டாம், காரணம் வேண்டும்

எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்ததைத் தொடர்ந்து எழுந்த வழக்கு இது. சமரசத்தில் முடிந்ததால் தரப்பினரின் பெயர்களையும் ஆண்டையும் தொகையையும் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே வல்லுநர்களிடம் கருத்துக் கேட்ட முறையைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இழப்பீட்டுத் தொகை முடிவாகிவிட்டது. அதை யார் யாருக்கு எவ்வளவு பிரிப்பது என்பதில்தான் சண்டை. கடலுக்குப் போகும் ஃபைபர் படகுக்காரர்கள் ஒரு தரப்பு. கொசஸ்தலை ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் தடவுகிறவர்கள் இன்னொரு தரப்பு. திருவொற்றியூர், ராயபுரம் தெருக்களில் கூடையில் மீன் விற்கும் பெண்கள் மூன்றாவது தரப்பு. நான் இறால் தடவுகிறவர்களுக்காக ஆஜரானேன். ஒவ்வொரு தரப்பின் வருமானமும் பழைய நிலைக்குத் திரும்ப எத்தனை மாதம் ஆகும் என்ற ஒரு கேள்வியில்தான் எல்லாம் தொங்கியது.

இந்தக் கரையில் முதல் மதிப்பீட்டை நம்பிவிட முடியாது. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை என்றுதான் முதலில் அறிவிப்பு வந்தது. அதன் பிறகு எர்ணாவூர்க் கரையில் இளைஞர்கள் நாள்கணக்கில் வாளியால் அள்ளிய கசடு நூறு டன்னைத் தாண்டியது. முதலில் சொன்ன மதிப்பீடு தவறினால் அந்த நஷ்டம் குப்பத்து மக்கள் தலையில்தான் விழும்.

எங்கள் வழக்கில் மூன்று தரப்பும் ஒப்புக்கொண்ட வல்லுநர் குழு ஒன்று இருந்தது. கடல் உயிரியல் பேராசிரியர் ஒருவர், மீன்வளத் துறையில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், ஒரு வேதியியலாளர், இளம் ஆய்வாளர் ஒருவர், அனுபவமுள்ள மீனவப் பெரியவர்கள் இருவர். முதல் கூட்டத்தில் பேராசிரியர் ஆறு மாதம் என்றார். மேசையைச் சுற்றி எல்லாத் தலைகளும் ஆடின. இளம் ஆய்வாளர் அவரிடமே படித்தவர், வாயைத் திறக்கவில்லை. மீனவப் பெரியவர் ஒருவரை வெளியே நிறுத்திக் கேட்டேன். “சாரே சொல்ட்டாரு, அதுக்கு மேல நா இன்னா சொல்றது?” என்றார். அந்த ஆறு மாதம் ஒருவர் சொன்ன எண். மற்றவர்களின் மரியாதை அதைக் குழுவின் எண்ணாக்கிவிட்டது.

டெல்ஃபி முறையில் கேட்கலாம் என்று சமரசரிடம் மனு வைத்தேன். அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் 1950களில் ஓலாஃப் ஹெல்மரும் நார்மன் டால்கியும் சகாக்களோடு உருவாக்கிய முறை அது. ஏழு வல்லுநர்களைக் கொண்டு நடத்திய ஆரம்ப காலச் சோதனை பற்றி இருவரும் 1963இல் எழுதினார்கள். வல்லுநர்கள் ஒருவரையொருவர் நேரில் பார்த்து விவாதிப்பதில்லை. தனித்தனியாக எண்ணையும் காரணத்தையும் எழுதித் தருகிறார்கள். பெயரை நீக்கிவிட்டு, எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்ணையும், சொல்லப்பட்ட காரணங்களையும் எல்லோருக்கும் திருப்பி அனுப்புகிறார்கள். படித்த பிறகு எண்ணை மாற்றலாம், மாற்றாமலும் இருக்கலாம். இப்படிச் சில சுற்றுகள். பதவிக்காகவோ வயதுக்காகவோ யாரும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. முன்பு சொன்னதை மாற்றிக்கொண்டாலும் யாருக்கும் மானம் போகாது.

மற்ற தரப்பு வழக்கறிஞர் ஒருவர் கடுமையாக ஆட்சேபித்தார். “பேர் தெரியாத சாட்சியை நான் எப்படிக் குறுக்கு விசாரணை செய்வது?” நியாயமான கேள்வி. வல்லுநர் கருத்து பழைய சாட்சியச் சட்டத்தின் 45ஆவது பிரிவில் வந்தது, இன்று பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 39ஆவது பிரிவில் இருக்கிறது. வல்லுநர் தன் முடிவுக்கான அடிப்படையை நீதிமன்றம் சோதித்துப் பார்க்கும்படி முன்வைக்க வேண்டும், நீதிமன்றம் அவர் கருத்துக்குக் கட்டுப்பட்டதல்ல என்பதை ஜெய்லால் வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆளை மறைத்தால் சோதிப்பது எப்படி?

மூன்று நிபந்தனைகளில் உடன்பாடு வந்தது. வல்லுநர்கள் யார் யார் என்பது மூன்று தரப்புக்கும் தெரிந்திருக்கும். எந்தக் கருத்து யாருடையது என்பது சமரசரிடம் மட்டும் இருக்கும். ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் உள்ள காரணமும் கணக்கும் மூன்று தரப்புக்கும் தரப்படும். சமரசம் முறிந்து விசாரணைக்குப் போனால் இந்தத் தாள்கள் எதற்கும் சாட்சியமாகாது. வல்லுநர்கள் தங்கள் பெயரில் கூண்டேறிச் சொல்ல வேண்டும்.

முதல் சுற்றில் இறால் தடவுகிறவர்களுக்கான எண்கள் சில மாதங்களிலிருந்து மூன்று ஆண்டுவரை சிதறின. ஆறு மாதத்துக்கு அத்தனை தலைகளை ஆட்டிய அதே குழு! அந்தத் தாள்களில் ஒன்று இன்னும் நினைவிருக்கிறது. தண்ணீர் தெளிந்தாலும் எண்ணெய் அலையாத்தி வேர்களுக்கடியில் சேற்றில் தங்கும், சேற்றைக் கலக்கினால் மேலே வரும், இறால் தடவுகிறவரின் கை போவதே அந்தச் சேற்றுக்குள்தான் என்று எழுதியிருந்தது. மீன் விற்கும் பெண்களின் நஷ்டம் வரத்தில் இல்லை, விலையில் இருக்கிறது என்றது இன்னொரு தாள். நல்ல மீனானாலும் எண்ணூர் மீனா என்று கேட்டுவிட்டு ஜனம் நகர்ந்துவிடுகிறது. படகுக்காரர்கள் எண்ணெய் இல்லாத இடத்துக்குத் தள்ளிப் போய் வலை போட முடியும் என்றது மூன்றாவது. இவற்றில் ஒன்றுகூட அந்த முதல் கூட்டத்தில் பேசப்படவில்லை.

மூன்றாவது சுற்றில் படகுக்காரர்களுக்கான எண்கள் நெருங்கி வந்தன. விற்பனைப் பெண்களுக்கு மீன்பிடி நாட்களை விட்டு விலைச் சரிவை வைத்துக் கணக்கிட எல்லோரும் இசைந்தார்கள். இறால் தடவுகிறவர்கள் விஷயத்தில் மட்டும் கருத்து இரண்டாகவே நின்றது. சமரசர் அதைக் கூட்டிக் கழித்து ஒன்றாக்கவில்லை. குறைந்த எண்படி உடனே பணம், ஓராண்டு கழித்துச் சேற்றைப் பரிசோதித்து மீதி என்று ஒப்பந்தத்தில் எழுதினோம். மூன்று தரப்பும் கையெழுத்திட்டன.

இந்த முறை எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. கேள்வியைத் தவறாகக் கேட்டால் எத்தனை சுற்று நடத்தினாலும் தவறான பதில்தான் வரும். யாரைக் குழுவில் சேர்ப்பது என்பதிலேயே பாதி முடிவு அடங்கியிருக்கிறது. அந்த இரு பெரியவர்கள் இல்லாத குழு ஆற்றைப் பாதிதான் அறிந்திருக்கும். எண்கள் நெருங்கினால் உண்மை கிடைத்துவிட்டது என்றும் பொருளில்லை. சுற்றுகளை நடத்துகிறவர் நேர்மையாக இல்லாவிட்டால் அவருக்குப் பிடித்த காரணங்கள் மட்டுமே சுற்றிவரும். அதனால் எல்லாத் தாள்களும் எல்லாத் தரப்பிடமும் இருக்க வேண்டும்.

சாம்பல், அமோனியா, எண்ணெய் என்று எண்ணூருக்கு வல்லுநர் குழுக்கள் வந்துகொண்டே இருக்கின்றன. இனி ஒரு குழுவின் அறிக்கை உங்கள் மேசைக்கு வந்தால் இளம் வழக்கறிஞர்களே, மூன்று கேள்வி கேளுங்கள். உறுப்பினர்கள் முதலில் தனித்தனியாக எழுதித் தந்தார்களா? மாறுபட்ட கருத்து அறிக்கையில் இருக்கிறதா? ஆற்றில் இறங்கித் தொழில் செய்கிறவர் ஒருவராவது குழுவில் இருந்தாரா? பதில் ‘இல்லை’ என்றால், ஏகமனதான முடிவு என்ற வரியைப் பார்த்து அறிக்கையை ஏற்காதீர்கள். ஆட்சேபணை மனு தாக்கல் செய்யுங்கள்.